டெவலப்பர்கள் எழுதும் ஆங்கிலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமிட் மெசேஜ் (கோடில் செய்த மாற்றத்தோடு பதியும் குறிப்பு), பக் ரிப்போர்ட், ரீட்மீ (நிரலின் அறிமுகக் குறிப்பு), கோடுக்குள் எழுதும் கமென்ட், திரையில் வரும் எரர் மெசேஜ் என்று ஒரு டெவலப்பர் நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறார். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் இலக்கணத் தவறுகள் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே. ஆங்கிலச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கோட் சரியாக ஓடினால் போதாதா? இலக்கணம் எதற்கு?

கோடில் தவறு இருந்தால் கம்பைலர் சொல்லும், டெஸ்ட் சொல்லும். நீங்கள் எழுதிய வாக்கியத்தில் தவறு இருந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். படிக்கிறவர் தனக்குப் புரிந்த மாதிரி எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார். இரண்டு வருடம் கழித்து நடு இரவில் உங்கள் கமென்டைப் படிக்கிறவருக்கு உங்களிடம் திரும்பக் கேட்க வழி இருக்காது.

ஆனால் எல்லாத் தவறும் ஒரே எடை கொண்டவை அல்ல. ஒரு ‘தி’ விட்டுப்போனதால் யாருடைய டேட்டாபேஸும் அழிந்துவிடாது. ‘அண்டில்’ போட வேண்டிய இடத்தில் ‘பை’ போட்டால் அழியலாம். பொருளை மாற்றும் தவறுகளை முதலில் திருத்திக்கொள்ளுங்கள், மற்றவை மெல்ல வரட்டும். கீழே உள்ள கேள்விகள் அந்த வரிசையில் இல்லை, ஆனால் பொருளைத் தலைகீழாக்கும் தவறுகளுக்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

‘லாகின்’ ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

இரண்டும் உண்டு, வேலைதான் வேறு. பெயர்ச்சொல்லாக வந்தால் சேர்த்து எழுத வேண்டும்: லாகின் பேஜ், பேக்கப் ஃபைல், செட்டப் கைடு. வினைச்சொல்லாக வந்தால் பிரித்து எழுத வேண்டும்: லாக் இன், பேக் அப், செட் அப். ரோல்பேக், ஷட்டவுன், செக்கவுட், சைனப், வொர்க்கரவுண்ட் எல்லாம் இதே குடும்பம்தான்.

சந்தேகம் வந்தால் இறந்த காலத்தில் சொல்லிப் பாருங்கள். ‘லாக்ட் இன்’ என்றுதான் வாயில் வரும், ‘லாகின்ட்’ என்று வராது. ‘செட்டப்ட்’ என்றும் யாரும் சொல்வதில்லை. வினையின் முதல் பாதி மட்டும் மாறுகிறது என்றால் அது தனிச்சொல் என்று பொருள். இன்னொரு சோதனை, நடுவில் ‘இட்’ நுழைகிறதா என்று பார்ப்பது. ‘செட் இட் அப்’, ‘பேக் இட் அப்’ என்று நுழைந்தால் பிரித்து எழுதுங்கள். காதும் உதவும்: பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதல் பகுதியில் விழும், வினையில் கடைசிப் பகுதியில் விழும்.

ஆகவே பட்டனில் ‘லாக் இன்’ என்று பிரித்தும், அந்தப் பக்கத்தின் தலைப்பில் ‘லாகின்’ என்று சேர்த்தும் இருந்தால் அது முரண்பாடு இல்லை. பட்டன் ஒரு செயலைச் சொல்கிறது, தலைப்பு ஒரு பொருளைச் சொல்கிறது. கோடில் உள்ள ஃபங்ஷன் பெயரையோ, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கட்டளைப் பெயரையோ இதற்காக மாற்ற வேண்டாம். அவை பெயர்கள். அவற்றை இருக்கிறபடியே எழுத வேண்டும்.

‘ஏ யூசர்’ சரியா, ‘ஆன் யூசர்’ சரியா? எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியின் பெயருக்கு முன் எது வரும்?

இந்த விதி நமக்குப் புதிதே இல்லை. ‘ஓர் ஊர்’ என்கிறோம், ‘ஒரு வீடு’ என்கிறோம். உயிரெழுத்துக்கு முன் ஓர், உயிர்மெய்க்கு முன் ஒரு. ஆங்கிலத்திலும் அதேதான், ஒரே ஒரு எச்சரிக்கையோடு: எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும்.

‘யூசர்’ எழுத்தில் யூ என்ற ஆங்கில உயிரெழுத்தில் தொடங்கினாலும், ஒலியில் ‘ய்’ முதலில் வருகிறது. தமிழில் ‘ஒரு யானை’ என்பது போல ‘ஏ யூசர்’. யூஆர்எல், யூயூஐடி, யூனிகோட் எல்லாவற்றுக்கும் ‘ஏ’தான். ‘ஒன்-டைம் பாஸ்வேர்ட்’ ‘வ்’ ஒலியில் தொடங்குவதால் அதற்கும் ‘ஏ’. மாறாக எச்டிடிபி, எக்ஸ்எம்எல், எஸ்எஸ்எச், எஃப்ஏக்யூ இவற்றின் முதல் ஒலி உயிர், ஆகவே ‘ஆன்’. ‘ஹோஸ்ட்’ என்பதில் ஹ ஒலிக்கிறது, ‘ஏ ஹோஸ்ட்’. ‘அவர்’ என்று ஒலிக்கும் மணிநேரத்தில் எச் ஒலிக்காது, ‘ஆன் அவர்’.

எஸ்க்யூஎல் கதை கொஞ்சம் சுவையானது. 1970களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் உருவாக்கியபோது அதன் பெயர் ‘சீக்வல்’. அந்தப் பெயரில் வர்த்தகச் சின்னச் சிக்கல் வந்ததால் எழுத்துகளைக் குறைத்தார்கள். பழைய உச்சரிப்பு போகவில்லை. ‘சீக்வல்’ என்று படிப்பவர் ‘ஏ’ போடுவார், எழுத்து எழுத்தாகப் படிப்பவர் ‘ஆன்’ போடுவார். இரண்டும் சரி. ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

‘தி’ எங்கே போடுவது என்று எத்தனை வருடமானாலும் பிடிபடவில்லை. எளிய வழி உண்டா?

முழுதாக எளிய வழி இல்லை. ஆனால் தமிழிலேயே அதன் விதை இருக்கிறது. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு...’ என்று கதை சொல்லும்போது முதலில் ‘ஒரு’, அப்புறம் ‘அந்த’. ஏன்? இரண்டாம் முறை வரும்போது எந்த ராஜா என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஏ’ என்பது அந்த ‘ஒரு’, ‘தி’ என்பது அந்த ‘அந்த’. நாம் பல இடங்களில் இதைச் சொல்லாமல் விடுவோம், ஆங்கிலம் விடாது.

இன்னொரு தடயமும் உண்டு. ‘ஃபைல் திறந்தேன்’ என்றால் ஏதோ ஒன்று. ‘ஃபைலைத் திறந்தேன்’ என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த அது. அந்த ‘ஐ’ வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘தி’ வரும்.

பக் ரிப்போர்ட்டில் இது வெறும் அழகுக்கான விஷயம் இல்லை. ‘ஏ ரெக்வெஸ்ட் ஃபெயில்ஸ்’ என்றால் பலவற்றில் ஏதோ ஒன்று தோற்கிறது. ‘தி ரெக்வெஸ்ட் ஃபெயில்ஸ்’ என்றால் மேலே விவரித்த அதே ரெக்வெஸ்ட் தோற்கிறது. தேடுகிறவர் எங்கே தேடுவது என்பதை அந்த ஒற்றைச் சொல் முடிவு செய்கிறது.

பெயர்களுக்கு முன் வேண்டாம். பைத்தான் ஒரு நிரல்மொழி, கிட் என்பது கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி; ‘தி பைத்தான்’, ‘தி கிட்’ தவறு. ஆனால் பின்னால் ஒரு பொதுச்சொல் ஒட்டிக்கொண்டால் வேண்டும்: ‘தி கிட் ரெப்பாசிட்டரி’. ஃபங்ஷன் பெயருக்கும் இதேதான். ‘கால் பார்ஸ்’ என்று தனியாக எழுதலாம், ‘ஃபங்ஷன்’ என்ற சொல் சேர்ந்தால் ‘கால் தி பார்ஸ் ஃபங்ஷன்’. கமிட் தலைப்பிலும் எரர் மெசேஜிலும் இடம் குறைவு என்பதால் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று விட்டு எழுதுவது வழக்கம், யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை.

‘இட்ஸ்’ எப்போது மேற்குறியோடு (அப்பாஸ்ட்ரஃபி) வரும்?

‘இட் இஸ்’ என்றோ ‘இட் ஹேஸ்’ என்றோ விரித்துப் படிக்க முடிந்தால் அப்பாஸ்ட்ரஃபி உண்டு. ‘அதனுடைய’ என்ற பொருளில் வந்தால் கிடையாது. அவ்வளவுதான்.

இதில் நமக்கு ஒரு ஆறுதல்: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். அவர்கள் மொழியைக் காதால் கற்றவர்கள், இரண்டும் காதுக்கு ஒன்றுதான். ‘லெட்ஸ்’ என்பதிலும் இதே சிக்கல். ‘இந்த ஆப்ஷன் உங்களை அனுமதிக்கிறது’ என்ற பொருளில் அப்பாஸ்ட்ரஃபி இல்லை. ‘செய்வோம் வாருங்கள்’ என்ற பொருளில் உண்டு. அப்புறம், ஏபிஐ, யூஆர்எல் போன்றவற்றைப் பன்மையாக்க கடைசியில் ஒரு எஸ் போதும், நடுவில் குறி வேண்டாம்.

‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘சாஃப்ட்வேர்ஸ்’ என்று எழுதினால் ஏன் திருத்துகிறார்கள்?

ஆங்கிலம் சில பொருள்களைத் தண்ணீர் போலப் பார்க்கிறது. அளக்கலாம், எண்ண முடியாது. இன்ஃபர்மேஷன், சாஃப்ட்வேர், ஹார்ட்வேர், ஃபீட்பேக், அட்வைஸ், எக்விப்மென்ட், டிராஃபிக் எல்லாம் அந்த வகை. ‘த்ரீ சாஃப்ட்வேர்ஸ்’ என்று எழுதத் தோன்றினால் ‘த்ரீ புரோகிராம்ஸ்’ அல்லது ‘த்ரீ டூல்ஸ்’ என்று எழுதுங்கள். நாம் மட்டும் இதைச் செய்வதில்லை. பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்குப் பன்மை உண்டு, அதனால் பிரெஞ்சுக்காரர்களும் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதிவிடுவார்கள்.

‘கோட்’ என்பதில் கவனம் தேவை. நாம் எழுதும் நிரல் என்ற பொருளில் பன்மை கிடையாது, ‘ஐ ரோட் சம் கோட்’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் ‘எரர் கோட்ஸ்’, ‘ஸ்டேட்டஸ் கோட்ஸ்’ சரி. 404, 500 என்று அவற்றை எண்ணலாம் இல்லையா. ‘டேட்டா’ லத்தீனில் பன்மை, ‘டேட்டம்’ என்பதன் பன்மை. கணினித் துறையில் ‘டேட்டா இஸ்’ என்று ஒருமையாக எழுதுவதே இன்று இயல்பு, அறிவியல் கட்டுரைகளில் ‘டேட்டா ஆர்’ என்பதும் உண்டு.

எண்ணுக்குப் பின் பன்மையை விடுவது தமிழிலிருந்து வரும் பழக்கம். ‘பத்து ஃபைல் இருக்கிறது’ என்பது நம் பேச்சில் இயல்பு. ஆங்கிலத்தில் ‘டென் ஃபைல்ஸ்’ கட்டாயம். ‘ஒன் ஆஃப் தி ஃபைல்’ என்பதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘ஃபைல்களில் ஒன்று’ என்று தமிழிலேயே ‘கள்’ வருகிறதே, அங்கேயும் ‘ஃபைல்ஸ்’ வர வேண்டும். விதிவிலக்கு: எண்ணும் சொல்லும் சேர்ந்து அடைமொழியாக வரும்போது ஒருமைதான், நடுவில் ஒரு ஹைஃபன் வரும். ‘30-டே ட்ரயல்’, ‘64-பிட் பிராசஸர்’.

நிரல் எழுதும் மெசேஜிலும் இதைக் கவனியுங்கள். ‘1 ஃபைல்ஸ் டிலீட்டட்’ என்று திரையில் வந்தால் அது கோடில் இருக்கும் பக்தான். பூஜ்யத்துக்கு ஆங்கிலத்தில் பன்மை வரும், ‘0 எரர்ஸ்’. ஒன்றா பலவா என்று நீங்களே இஃப் போட்டு எழுதுவதைவிட, கெட்டெக்ஸ்ட் போன்ற மொழிபெயர்ப்பு வசதிகளில் இருக்கும் பன்மைச் செயல்பாட்டைப் பயன்படுத்துங்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இரண்டு வடிவம் போதும். ஜப்பானிய மொழிக்கு ஒன்றே போதும். அரபிக்கு ஆறு வேண்டும்.

கமிட் மெசேஜில் ‘ஃபிக்ஸ்ட்’ என்று எழுதலாமா, ‘ஃபிக்ஸ்’ என்று எழுத வேண்டுமா?

பரவலான வழக்கம் ‘ஃபிக்ஸ்’. தமிழ் இலக்கணத்தில் இதற்கு அழகான பெயர் இருக்கிறது: ஏவல் வினை. செய், நீக்கு, சேர். தமிழில் வினையடியே ஏவலாக நிற்பது போல ஆங்கிலத்திலும் எந்த விகுதியும் இல்லாத வினையே ஏவல். ஃபிக்ஸ், ஆட், ரிமூவ், ரீநேம். ‘ஃபிக்ஸ்ட்’, ‘ஃபிக்ஸஸ்’, ‘ஃபிக்சிங்’ மூன்றும் வேண்டாம்.

இந்த வழக்கம் கிட்டிலிருந்தே வருகிறது. 2005ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு பேட்ச் (கோடுக்கான திருத்தம்) அனுப்புவோருக்கான குறிப்பிலேயே, கோடுக்குக் கட்டளை இடுவது போல எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கிட் தானாகவே உருவாக்கும் மெசேஜ்களும் ‘மெர்ஜ் பிராஞ்ச்’, ‘ரிவர்ட்’ என்றுதான் தொடங்கும். உங்கள் வரிகளும் அப்படியே இருந்தால் வரலாற்றைப் புரட்டும்போது கண் தடுக்காது. முதல் வரி 50 எழுத்துக்குள் இருப்பது நல்லது, அதற்கும் ஏவல் உதவும். இரண்டு மூன்று எழுத்தாவது மிச்சம்.

விதி தலைப்புக்குத்தான். கீழே விளக்கம் எழுதும்போது சாதாரண வாக்கியங்களாக எழுதுங்கள். இந்த மாற்றத்துக்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது, ஏன் அது தவறு, ஏன் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று. என் கருத்தில் அந்த விளக்கம் இல்லாத ஏவலைவிட, விளக்கம் உள்ள ‘ஃபிக்ஸ்ட்’ ஆயிரம் மடங்கு மேல். பயனர்களுக்கான சேஞ்ச்லாக் (மாற்றங்களின் பட்டியல்) வேறு வகை எழுத்து, அங்கே ‘ஆடட்’, ‘ஃபிக்ஸ்ட்’ என்று இறந்த காலம் பொருத்தமாக இருக்கும்.

‘திஸ் ஆப்ஷன் அலவ்ஸ் டு டிலீட்’ என்பதில் என்ன தவறு?

யாரை அனுமதிக்கிறது என்பது விட்டுப்போயிற்று. தமிழில் எழுவாயையும் செயப்படுபொருளையும் தாராளமாக விடலாம், ‘அழிக்க அனுமதிக்கிறது’ என்றால் புரியும். ஆங்கிலத்தில் ‘அலவ்ஸ் யூ டு டிலீட்’ என்று ஆளைச் சொல்லியே ஆக வேண்டும். ‘லெட்ஸ் யூ டிலீட்’ இன்னும் சுருக்கம். ரஷ்யர்களும் ஜெர்மானியர்களும் எழுதும் டாக்குமென்டேஷனிலும் இதே தவறு நிறைய இருக்கும். ‘ஐ சஜெஸ்ட் யூ டு யூஸ்’ என்பதற்கும் ‘ஐ சஜெஸ்ட் யூசிங்’ என்று எழுதுங்கள்.

தமிழில் யோசித்து எழுதுவதால் வரும் ஆபத்தான தவறுகள் எவை?

ஆபத்து என்று நான் சொல்வது, வாக்கியம் சரியாகத் தெரிந்து, பொருள் மட்டும் தலைகீழாக இருக்கும் தவறுகளை.

முதலில் ‘அண்டில்’. ‘சர்வர் தொடங்காத வரை காத்திரு’ என்ற நினைப்பில் ‘வெயிட் அண்டில் தி சர்வர் டஸ் நாட் ஸ்டார்ட்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதன் பொருள், சர்வர் தொடங்காமல் போகும் நேரம் வரும்வரை காத்திரு. ‘தொடங்கும் வரை’ என்று மனதில் மாற்றிக்கொண்டால் ‘அண்டில் தி சர்வர் ஸ்டார்ட்ஸ்’ தானாக வரும். ‘அன்லெஸ்’ என்ற சொல்லும் இப்படியே. அதற்குள் ஏற்கெனவே ஒரு ‘இல்லை’ இருக்கிறது, இன்னொரு ‘நாட்’ சேர்த்தால் நிபந்தனை புரண்டுவிடும். கோடில் ‘இல்லை’ என்று பொருள்படும் ஆச்சரியக்குறி ஒன்று கூடிப்போனால் என்ன ஆகுமோ அதேதான்.

அடுத்து ‘பை’, ‘அண்டில்’ குழப்பம். தமிழில் ‘ஐந்து மணிக்குள்’, ‘ஐந்து மணி வரை’ என்று தெளிவாகப் பிரிக்கிறோம். ‘க்குள்’ என்றால் பை, ‘வரை’ என்றால் அண்டில். ‘தி சர்வர் வில் பி டவுன் அண்டில் ஃபைவ்’ என்றால் ஐந்துக்கு மேல் வேலை செய்யும். ‘டவுன் பை ஃபைவ்’ என்றால் ஐந்துக்குள் நின்றுவிடும். நேர் எதிர்.

மூன்றாவது ‘ரிவர்ட்’. நாம் அலுவலக மின்னஞ்சலில் ‘பதில் அனுப்பு’ என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். டெவலப்பர் உலகில் அதன் பொருள் ‘செய்ததைப் பின்வாங்கு’. நான் இருந்த ஒரு குழுவில், ஒரு மாற்றத்தைப் பற்றிக் கேள்வி கேட்டு ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று முடித்த செய்தியைப் பார்த்து, வேறு நாட்டிலிருந்த சக ஊழியர் அந்தக் கமிட்டையே பின்வாங்கிவிட்டார். இரண்டு பேர் மீதும் தப்புச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து நான் ‘ரிப்ளை’ என்று மட்டுமே எழுதுகிறேன்.

‘ஒன்லி’யும் கவனிக்க வேண்டியது. தமிழில் ‘மட்டும்’ அது கட்டுப்படுத்தும் சொல்லின் பின்னாலேயே ஒட்டி நிற்கும், குழப்பம் குறைவு. ஆங்கிலத்தில் ‘தி ஜாப் ஒன்லி டிலீட்ஸ் ஓல்ட் ஃபைல்ஸ்’ என்றால் அழிப்பது மட்டும்தான் செய்கிறதா, பழையவற்றை மட்டும்தான் அழிக்கிறதா என்று இரண்டு விதமாக எடுக்கலாம். எதைக் கட்டுப்படுத்துகிறதோ அதற்கு முன்னால் வையுங்கள்: ‘டிலீட்ஸ் ஒன்லி ஓல்ட் ஃபைல்ஸ்’. நம் ‘தான்’ என்பதை ‘ஒன்லி’ ஆக்கி ‘இட் இஸ் தேர் ஒன்லி’ என்று எழுதுவது வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியாது.

‘ஐ ஹேவ் ஏ டவுட்’ என்பதும் அப்படித்தான். நமக்கு அது விளக்கம் கேட்பது. பலருக்கு அது ‘உங்கள் மேல் நம்பிக்கை இல்லை’ என்று ஒலிக்கும். ‘ஐ ஹேவ் ஏ க்வெஸ்சன்’ என்று கேளுங்கள். ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘ரிட்டர்ன் பேக்’ போன்றவை பொருளைக் கெடுக்காது. அந்த வினைகளுக்குள்ளேயே ‘பற்றி’யும் ‘திரும்ப’வும் இருக்கின்றன என்று நினைவு வைத்தால் போதும்.

‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

தமிழ் ‘வேண்டும்’ ஒன்றை வைத்தே நாம் சமாளித்துவிடுவதால் இந்த இடத்தில் சறுக்குகிறோம். இணைய நெறிமுறைகளை எழுதுபவர்கள் இதற்கு வரையறையே வைத்திருக்கிறார்கள். ஆர்எஃப்சி என்பது அவர்கள் வெளியிடும் ஆவண வரிசை. ஸ்காட் பிராட்னர் எழுதி 1997 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2119ன்படி, ‘மஸ்ட்’ என்றால் விலக்கே இல்லாத கட்டாயம். ‘ஷுட்’ என்றால் தகுந்த காரணம் இருந்தால், விளைவுகளை முழுதாகப் புரிந்துகொண்டு விலகலாம். ‘மே’ என்றால் விருப்பம். கேப்பிட்டல் எழுத்தில் எழுதினால்தான் இந்தச் சிறப்புப் பொருள் என்று 2017ல் வந்த ஆர்எஃப்சி 8174 தெளிவுபடுத்தியது.

நெறிமுறை ஆவணம் எழுதாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. ‘தி சர்வர் ஷுட் ரிட்டர்ன் 200’ (200 என்பது வெற்றியைச் சொல்லும் ஸ்டேட்டஸ் கோட்) என்று எழுதினால், அது கட்டளையா, பரிந்துரையா, ‘வந்துவிடும் என்று நினைக்கிறேன்’ என்ற எதிர்பார்ப்பா? மூன்றுக்கும் ‘ஷுட்’ பொருந்தும். கட்டாயம் என்றால் ‘மஸ்ட்’ போடுங்கள். ஏற்கெனவே அப்படித்தான் நடக்கிறது என்றால் ‘ரிட்டர்ன்ஸ் 200’ என்று நேராகச் சொல்லுங்கள்.

பக் ரிப்போர்ட்டில் எந்தக் காலம்?

எப்போதும் நடப்பதற்குச் சாதாரண நிகழ்காலம். ‘தி ஃபங்ஷன் இஸ் ரிட்டர்னிங் நல்’ (நல் என்றால் மதிப்பு இல்லை) என்று எழுதுகிறோம், ஏனென்றால் தமிழில் ‘தருகிறது’ என்ற ஒரே வடிவம் இரண்டுக்கும் போதும். ஆங்கிலத்தில் ‘இஸ் ரிட்டர்னிங்’ என்பது இப்போது, இந்தக் கணத்தில் என்று ஒலிக்கும். ஒவ்வொரு முறையும் வருகிறது என்றால் ‘ரிட்டர்ன்ஸ் நல்’. ‘தி சர்வர் இஸ் ரன்னிங்’ சரி, அது நிஜமாகவே இப்போதைய நிலை.

நீங்கள் செய்த படிகளுக்கு இறந்த காலம். நாள் சொன்னால் ‘ஹேவ்’ வராது: ‘ஐ ஹேவ் ஃபிக்ஸ்ட் இட் யெஸ்டர்டே’ தவறு, ‘ஐ ஃபிக்ஸ்ட் இட் யெஸ்டர்டே’ சரி. ‘டிட் நாட் வொர்க்ட்’ என்பதற்குத் தமிழே மருந்து. ‘போகவில்லை’ என்கிறோம், ‘போனவில்லை’ என்று சொல்வதில்லை. ‘டிட் நாட்’டுக்குப் பின்னும் வினை காலம் காட்டாமல் நிற்கும்: ‘டிட் நாட் வொர்க்’.

உதவி கேட்கும்போது ‘ஒய் இஸ் இட் ஃபெயிலிங்’ என்பது சரிதானே?

தனிக்கேள்வியாக இருந்தால் சரி. ‘கேன் யூ டெல் மீ’ என்று முன்னால் சேர்த்துவிட்டால் வரிசை மாறும்: ‘கேன் யூ டெல் மீ ஒய் இட் இஸ் ஃபெயிலிங்’. ஒரு வாக்கியத்தில் கேள்வி வடிவம் ஒரு முறைதான். ‘ஹவ் டு ஃபிக்ஸ் திஸ்’ கட்டுரைத் தலைப்பாக இருக்கலாம். கேள்வியாகக் கேட்க ‘ஹவ் கேன் ஐ ஃபிக்ஸ் திஸ்’ என்று எழுதுங்கள்.

ஒலியால் குழம்பும் சொற்கள்?

‘டெப்ரிகேட்டட்’ என்ற இடத்தில் ‘டெப்ரீஷியேட்டட்’ என்று எழுதுவது மிக அதிகம். இரண்டாவது விலை குறைவது, கணக்குத் துறைச் சொல். முதலாவது லத்தீனில் ‘வேண்டாம் என்று வேண்டிக்கொள்’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து வருகிறது. நம் துறையில் அதன் பொருள், இன்னும் வேலை செய்கிறது, ஆனால் பயன்படுத்தாதீர்கள் என்பது. நீக்கப்பட்டுவிட்டது என்பது அல்ல.

‘லூஸ்’ என்பதில் ஒரு ஓ இருந்தால் இழப்பது, இரண்டு ஓ இருந்தால் தளர்ந்தது. டேட்டாவை இழக்க ஒரு ஓ போதும். ‘அஃபெக்ட்’ பெரும்பாலும் வினை, ‘எஃபெக்ட்’ பெரும்பாலும் பெயர்.

வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருந்தும் புரியவில்லை என்கிறார்களே?

பெரும்பாலும் குற்றவாளி ‘இட்’. ‘வென் தி சர்வர் கால்ஸ் தி க்ளையன்ட், இட் க்ராஷஸ்’. எது விழுகிறது? தமிழில் ‘அது’ என்று எழுதினாலும் இதே கேள்வி வரும். ஒரே சொல்லைத் திரும்ப எழுதக் கூடாது என்று பள்ளியில் கற்றதைத் தொழில்நுட்ப எழுத்தில் மறந்துவிடலாம். ‘தி சர்வர் க்ராஷஸ்’ என்று மறுபடி எழுதுங்கள், நூறு முறை வந்தாலும் பரவாயில்லை. ‘திஸ்’ என்று மட்டும் தொடங்கும் வாக்கியத்துக்கும் ஒரு பெயர்ச்சொல் கொடுங்கள்: ‘திஸ் டைம்அவுட்’.

இன்னொன்று ஆளில்லாத செயல். ‘ஆஃப்டர் கிளிக்கிங் சேவ், தி பேஜ் ரீலோட்ஸ்’ என்றால் பக்கமே பட்டனை அழுத்தியதாக ஆகிறது. ‘சேவை அழுத்திவிட்டு பக்கம் ரீலோட் ஆனது’ என்று தமிழில் சொன்னால் உடனே காதில் உறுத்தும், ஏனென்றால் ‘விட்டு’ என்ற எச்சத்துக்கும் வினைமுற்றுக்கும் ஒரே எழுவாய் வேண்டும். ‘அழுத்தியதும்’ என்றால் உறுத்தாது. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஆஃப்டர் யூ கிளிக் சேவ்’. இந்த ஒரு விஷயத்தில் தமிழ்க் காதை நம்பலாம்.

செயப்பாட்டு வினை கூடவே கூடாதா?

கூடும். ‘தி ஃபைல் வாஸ் டிலீட்டட்’ என்பதில் ஃபைல்தான் முக்கியம் என்றால் அது சரியான வாக்கியம். யார் அழித்தது என்பது படிப்பவருக்குத் தேவைப்படும்போது மறைத்தால்தான் சிக்கல். கோளாறு அறிக்கைகளில் ‘ஏ மிஸ்டேக் வாஸ் மேட்’ என்று எழுதுவார்கள். எந்த ஸ்கிரிப்ட், எந்த ஜாப் செய்தது என்பது இல்லாமல் அந்த வரியால் பயனில்லை. ஆளின் பெயர் வேண்டாம் என்றால் நிரலின் பெயரை எழுவாயாக்குங்கள்.

யூசரை ‘ஹி’ என்பதா, ‘ஷி’ என்பதா?

‘தே’ என்று எழுதுங்கள், கூடவே ‘ஆர்’ வரும். ஒருவரைப் பன்மையால் சொல்வது தவறு என்று தோன்றினால் நம் ‘அவர்’ஐ நினைத்துப் பாருங்கள். அதுவும் பலர்பால் சொல்தான், ஒருவருக்குப் பயன்படுத்துகிறோம், ஆணா பெண்ணா என்றும் சொல்வதில்லை. வழிகாட்டிகளில் ‘யூ’ என்று நேராகப் பேசினால் இந்தக் கேள்வியே எழாது.

பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா, அமெரிக்கனா?

உரைநடையில் எதுவானாலும் சரி, கலக்காதீர்கள். கோடுக்குள் அந்த மொழியின் வழக்கமே சட்டம். வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ‘கலர்’ யூ இல்லாமல்தான் வேலை செய்யும், ‘கிரே’ மட்டும் ஏ போட்டாலும் ஈ போட்டாலும் ஏற்கும். கோ மொழியின் ‘கேன்சல்ட்’ ஒரு எல். ‘கேன்சலேஷன்’ என்பதற்கு இரண்டு நாட்டிலும் இரண்டு எல்.

ஃபங்ஷன் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் பெரிய விஷயமா?

கமென்டில் இருக்கும் பிழையை நாளை திருத்தலாம். வெளியே போன பெயரில் இருக்கும் பிழையைத் திருத்த முடியாது, அதை நம்பி மற்றவர்கள் கோட் எழுதிவிடுவார்கள். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபியில் ‘ரெஃபரர்’ என்ற ஹெடரில் (செய்தியோடு போகும் தகவல் வரி) நடுவில் ஒரு ஆர் குறைவு. 1996ல் ஆர்எஃப்சி 1945ல் அப்படியே ஏறிவிட்டது, இன்றும் எல்லா பிரவுசரும் அந்தப் பிழையோடுதான் அனுப்புகின்றன. பின்னாளில் வந்த ‘ரெஃபரர்-பாலிசி’ ஹெடரில் சரியாக எழுதினார்கள், ஆகவே இரண்டும் இரண்டு விதம். யூனிக்ஸில் ‘கிரியேட்’ என்ற சிஸ்டம் கால் (இயங்குதளத்திடம் வேலை கேட்கும் ஃபங்ஷன்) கடைசி ஈ இல்லாமல் இருக்கிறது. யூனிக்ஸை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த ஈயைச் சேர்ப்பேன் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் சொன்னார். பெயர் வைக்கும்போது அகராதியைத் திறக்கும் அரை நிமிடம் மிகவும் மலிவு.

கருவிகளை நம்பலாமா?

எழுத்துப்பிழைக்கு நம்பலாம். கோட்ஸ்பெல் கோடுக்குள் இருக்கும் பிழைகளைப் பிடிக்கும், லாங்குவேஜ்டூல் பொதுவான இலக்கணத்தைப் பார்க்கும், வேல் உங்கள் குழுவின் எழுத்து விதிகளைச் சரிபார்க்கும். ஆனால் ‘டவுன் பை ஃபைவ்’ என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம். நீங்கள் ‘ஐந்து வரை’ என்று நினைத்தது எந்தக் கருவிக்கும் தெரியாது. ஏஐ திருத்தித் தந்ததையும் உங்கள் மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வாக்கியம் மென்மையாகும்போது நிபந்தனை காணாமல் போவதுண்டு.

கோட் ரிவ்யூவில் பிறரின் ஆங்கிலத்தைத் திருத்தலாமா?

மூன்று இடத்தில் நான் திருத்துவேன்: பொருள் மாறும் இடம், பயனர் கண்ணில் படும் இடம், பின்னால் மாற்ற முடியாத பெயர். மற்றபடி ஒரு உள் கமென்டில் ‘தி’ விட்டுப்போனதற்காக யாருடைய வேலையையும் நிறுத்தி வைக்க மாட்டேன். கூச்சப்பட்டு அவர் அடுத்த முறை கமென்டே எழுதாமல் விட்டுவிட்டால் நஷ்டம் எல்லோருக்கும்.

திருத்தும்போது ‘கிராமர்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டுப் போகாதீர்கள். திருத்திய வரியை முழுதாக எழுதிக் கொடுங்கள், அவர் ஒரு கிளிக்கில் ஏற்றுக்கொள்ளும்படி. பொருள் சந்தேகமாக இருந்தால் திருத்தாமல் முதலில் கேளுங்கள்: ‘ஐந்து மணிக்குள்ளா, ஐந்து மணி வரையா?’